மலைநாட்டு மாணவர் கையில் படக்கருவி

மொழிக்கல்வி இரு பகுதிகளை உடையது. பிறர் எழுதியதைப் படித்து உணர்வது ஒன்று. தானே எழுதப் பழகுவது மற்றொன்று. எத்தனை நூல்களைப் படித்திருந்தாலும், ஒரு கட்டுரையேனும் சொந்தமாக எழுதாத மாணவனின் மொழிக்கல்வி நிறைவுற்றது என எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, அடுத்த நூற்றாண்டு முழுவதும் உலக மக்களின் கண்ணையும் கருத்தையும் கவர்ந்த திரைப்படத்தின் திறத்தில் பள்ளிகள் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. மாணவன் படம் பார்ப்பதே தகுமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. அவனே படம் எடுக்கலாம் என்னும் எண்ணம் பரவலாகத் தலையெடுக்க 1960ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வெண்ணம் வளர்ந்த வரலாற்றில், அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்து மலைகளுக்கிடையே அமைந்த வைட்ஸ்பர்க் என்னும் சிற்றூருக்குத் தனியிடம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் கற்றுத் தருவோம் என்று அங்கே தொடங்கிய சிறு முயற்சி, தன்னையும் தன் ஊரையும் பற்றி உலகுக்கு எடுத்துரைக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் பெரிய வினாவாக வளர்ந்தது. அவ்வினாவின் வரலாற்றை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

அச்சமும் சுவையும்

பள்ளிக்கும் திரைப்படத்துக்கும் இடையே ஏற்பட்ட முதல் உறவு அச்சத்தில் பிறந்தது. 1929ஆம் ஆண்டு முதல் 1932ஆம் ஆண்டு வரை, பேய்ன் நிதியம் என்னும் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு அமெரிக்க அறிஞர் பலர், திரைப்படம் சிறுவர்களை எவ்வாறு பாதிக்கிறது என ஆராய்ந்தனர். பிள்ளைகளின் உறக்கம், உணர்ச்சி, நடத்தை ஆகியவை தனித்தனியே ஆராயப்பட்டு, 1933ஆம் ஆண்டு முதல் நூல்களாக வெளிவந்தன. பெற்றோரின் கவலைக்கு அந்நூல்கள் மேலும் வலுவூட்டின.

அதே ஆராய்ச்சியில் பங்குகொண்ட எட்கர் டேல் என்னும் கல்வியறிஞர் வேறொரு வழியையும் காட்டினார். படங்களைக் கண்டு அஞ்சுவதைவிட, நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் ஆற்றலை மாணவருக்கு ஊட்டுவது மேல் எனக் கருதிய அவர், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கென்றே திரைப்படச் சுவை பற்றிய கையேடு ஒன்றை 1933இல் வெளியிட்டார். கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, அரங்கமைப்பு என ஒவ்வொன்றையும் எவ்வாறு மதிப்பிடுவது என அந்நூல் கற்பித்தது.

பிரிட்டனிலும் இத்தகைய எண்ணம் வேரூன்றியது. 1933இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தோன்றியது. 1950இல் திரைப்படம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1963இல் வெளியான நியூசம் குழுவின் அறிக்கை, சராசரித் திறமையும் அதனினும் குறைந்த திறமையும் உடையவர் எனக் கருதப்பட்ட 13 வயது முதல் 16 வயது வரையிலான மாணவரின் கல்வியை ஆராய்ந்தது. திரைப்படமும் தொலைக்காட்சியும் பள்ளியில் முறையாகப் பயிலத்தக்கவை என அவ்வறிக்கை கூறியது ஆசிரியர்களுக்குப் புதிய ஊக்கம் அளித்தது.

எனினும், இம்முயற்சிகளில் பெரும்பாலானவை மாணவனைப் பார்வையாளனாகவே வைத்திருந்தன. படத்தைக் காட்டி, விவாதித்து, மதிப்புரை எழுதச் செய்வதோடு பாடம் முடிந்தது. ஆர்வமிக்க ஆசிரியர் சிலர் ஆங்காங்கே மாணவரைக்கொண்டு படம் எடுத்ததும் உண்டு. ஆயினும் அது விதிவிலக்காகவே இருந்தது.

கருவி எளிதான கதை

இதற்குப் பொருளாதாரம் ஒரு காரணம். தொழில்முறைப் படங்களுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருள் விலைமிக்கது. அதற்குரிய கருவிகளோ பெருஞ்சுமை. மேலும், அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றி எரியும் தன்மை உடையது. அத்தகைய பொருளைப் பள்ளி மாணவரிடம் ஒப்படைக்க எவரும் துணியார்.

1923இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் படச்சுருளை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறத் தொடங்கியது. எளிதில் தீப்பற்றாத பொருளில் அமைந்ததால், இது பள்ளிகளிலும் வீடுகளிலும் நுழைந்தது. 1932இல் 8 மில்லிமீட்டர் சுருளும், 1965இல் பேழையோடு கருவிக்குள் செருகிவிடக்கூடிய சூப்பர் 8 சுருளும் வந்தன. சுருளைக் கோக்கும் தொல்லை நீங்கவே, பத்து வயதுச் சிறுவனும் படம் எடுக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இவ்வசதிகளைக்கொண்டு 1960ஆம் ஆண்டுகளில் புதிய முயற்சிகள் பல தோன்றின. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இவான் ஆண்டர்சன் என்னும் அம்மையார், சிறுவர்கள் தாமே வரைந்தும் வெட்டியும் அசைவூட்டப் படங்கள் செய்யும் பட்டறையை 1963இல் தொடங்கினார். நியூயார்க் நகரின் ஏழைப் பகுதிகளில் ரோட்ஜர் லார்சன் பதின்ம வயதினருக்குப் படமெடுக்கக் கற்பித்தார். அவரும் நண்பர்களும் 1968இல் இளம் படைப்பாளர்க்கென ஓர் அமைப்பையும் நிறுவினர்.

இக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு சோதனை குறிப்பிடத்தக்கது. 1966ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் சோல் வொர்த், ஜான் அடேர் என்னும் இரு அறிஞர்கள், அரிசோனா மாநிலத்துப் பைன் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் வாழ்ந்த நவஹோ பழங்குடியினர் சிலருக்குப் படமெடுக்கக் கற்றுத் தந்தனர். கருவியை இயக்கும் முறையையும் படத்துண்டுகளை ஒட்டும் முறையையும் மட்டுமே அவர்கள் கற்பித்தனர். எதைப் படமெடுப்பது, எவ்வாறு கதை சொல்வது என்பதை வேண்டுமென்றே கற்பிக்கவில்லை. அதன் விளைவு வியப்பளித்தது. நெசவைப் பற்றிப் படமெடுத்த பெண், நெய்யும் காட்சியைச் சுருக்கி, கம்பளிக்கும் சாயத்துக்கும் வேண்டிய பொருள்களைத் தேடி நடக்கும் காட்சிகளை நீளக் காட்டினார். நடந்து தேடுவதும் நெசவின் பகுதியே என்பது அம்மக்களின் பார்வை. வெளியார் எடுத்த நெசவுப் படம் எதிலும் அப்பார்வை இவ்வாறு வெளிப்பட்டிராது.

அச்சோதனை தொடங்குமுன், ஊர்ப் பெரியவரான மருத்துவர் ஒருவர், படமெடுப்பதால் ஆடுகளுக்குத் தீங்கு நேருமா என்று வினவினாராம். நேராது என்றனர் அறிஞர்கள். நன்மையேனும் விளையுமா என்று மீண்டும் கேட்டார். விளையாது என்பதே விடை. அப்படியாயின் எதற்காகப் படம் எடுக்கவேண்டும் என்று அவர் கேட்டபோது, அவர்களால் எளிதில் விடைகூற இயலவில்லை. படமெடுப்பதால் ஊருக்கு என்ன பயன் என்னும் அவ்வினா, அடுத்த ஆண்டே கெண்டக்கி மலைநாட்டில் வேறு வடிவில், குருதி தோய்ந்து எழுந்தது.

படம்பிடிக்கப்பட்ட மக்கள்

அப்பலாச்சிய மலைத்தொடரின் நடுப்பகுதியில் அமைந்தது கிழக்குக் கெண்டக்கி. அதன் செல்வம் நிலக்கரி. ஆனால், அச்செல்வத்தின் பெரும்பகுதி மலைமக்களுக்கு உரியதாக இருக்கவில்லை. மேல்நிலம் உழவனுக்கும் அடிநிலத்துக் கனிமம் நிறுவனத்துக்கும் உரியது என வகுக்கும் பத்திரங்களில், அவர்களுடைய முன்னோர் சிறுதொகைக்குக் கையொப்பமிட்டிருந்தனர். 1950ஆம் ஆண்டுகளில் சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். குடும்பங்கள் ஒகாயோ, மிச்சிகன் முதலிய மாநிலங்களின் தொழில்நகரங்களை நோக்கிச் சென்றன. எஞ்சியவர் வறுமையில் வாடினர்.

வைட்ஸ்பர்க் நகரின் வழக்கறிஞர் ஹாரி காடில் 1963இல் எழுதிய நூல் இந்நிலையை நாட்டுக்கு உணர்த்தியது. 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்து, கிழக்குக் கெண்டக்கிக்கே நேரில் வந்து ஏழைக் குடும்பங்களைச் சந்தித்தார். அவரைத் தொடர்ந்து படக்கருவிகளும் வந்தன. தொலைக்காட்சி நிலையத்தார், செய்தியாளர், புகைப்படக்காரர் எனப் பலர் மலையேறினர். சரிந்து நிற்கும் வீடு, கிழிந்த உடை, அழுக்கு முகத்துக் குழந்தை ஆகியவை நாடெங்கும் மக்களின் வீட்டுக்குள் ஒளிபரப்பாயின.

இப்படங்களால் உதவி வந்ததை மறுக்க இயலாது. பள்ளிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொருள்கள் வந்து குவிந்தன. ஆயினும், மலைமக்களில் பலர் நாணினர், சினமும் கொண்டனர். உழைத்து, பாடி, கதை சொல்லி, கடவுளை வணங்கி வாழும் ஒரு மக்கள் கூட்டம், இரக்கத்துக்குரிய பொருளாக மட்டுமே சுருக்கப்பட்டது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நகைச்சுவைத் தொடர்களும் அவர்களை மலைநாட்டு மூடர்களாகச் சித்திரித்தன.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அச்சினம் வெடித்தது. கனடா நாட்டுப் படைப்பாளர் ஹியூ ஒகானர், மாண்ட்ரியால் உலகக் கண்காட்சியில் பெரும்புகழ் பெற்ற படமொன்றை உருவாக்கியவர்களுள் ஒருவர். சான் அண்டோனியோ நகரில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக அமெரிக்க மக்களின் வாழ்வைப் படமெடுக்கும் குழுவுடன் அவர் லெட்சர் மாவட்டத்துக்கு வந்தார். ஜெரமையா என்னும் ஊரில், சுரங்கத்திலிருந்து கரிபடிந்த முகத்தோடு திரும்பிய தொழிலாளி ஒருவர், தம் வாடகை வீட்டுத் திண்ணையில் குழந்தையோடு அமர்ந்திருந்தார். அவருடைய இசைவைப் பெற்றே குழு படமெடுத்தது. ஆனால், அவ்வீட்டுக்கு உரிமையாளரான ஹோபார்ட் ஐசன் துப்பாக்கியோடு வந்து அனைவரையும் வெளியேறச் சொன்னார். குழுவினர் கருவிகளைச் சுமந்து புறப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சுட்டார். ஒகானர் அங்கேயே உயிர்நீத்தார்.

அயலூர் மனிதர் ஒருவர் குற்றமின்றிக் கொல்லப்பட்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்மாவட்டத்தில் பலர் ஐசனுக்கு ஆதரவாக நின்றனர். வழக்கு அண்டை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. முதல் விசாரணையில் நடுவர் குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பின்னர், நோக்கமின்றி விளைவித்த மரணத்தினும் கடுமையானதும் திட்டமிட்ட கொலையினும் குறைந்ததுமான குற்றத்தை ஐசன் ஒப்புக்கொண்டார். பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓராண்டே அவர் சிறையில் இருந்தார்.

வைட்ஸ்பர்க் பட்டறை

இந்நிகழ்ச்சியின் சூடு ஆறாத 1969ஆம் ஆண்டில், அதே மாவட்டத்தின் தலைநகரான வைட்ஸ்பர்க்கில் அப்பலாச்சியத் திரைப்படப் பட்டறை தொடங்கியது. அக்காலத்தில் அச்சிறுநகரின் மக்கள் தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற பில் ரிச்சர்ட்சன் என்னும் இளைஞர் அதனை நடத்த வந்தார். வறுமை ஒழிப்புத் திட்டத்தை நடத்திய அரசு அலுவலகமும் அமெரிக்கத் திரைப்படக் கழகமும் பணம் உதவின. ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழ்ந்த வேறு பல இடங்களிலும் இத்தகைய பட்டறைகள் தொடங்கப்பட்டன.

திட்டத்தின் நோக்கம் எளிமையானது. ஏழை இளைஞர்க்குப் படத்தொழில் கற்பித்தால், திரைப்பட நிலையங்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் அவர்கள் வேலை பெறுவர் என்பதே அது. தச்சு வேலையையும் வாகனம் பழுதுபார்ப்பதையும் கற்பிப்பது போன்றே இதுவும் கருதப்பட்டது. ஊரின் மெய்க்கதையை உரைக்கவேண்டும் என்னும் உயர்ந்த குறிக்கோள் அரசின் கோப்புகளில் இருந்து பிறந்ததன்று. அது, கற்க வந்த பிள்ளைகளிடமிருந்து பிறந்தது.

பட்டறைக்கு வந்தவர்களுள் உயர்நிலைப் பள்ளி மாணவரும், பள்ளிப்படிப்பை அண்மையில் முடித்தோரும் இருந்தனர். பின்னாளில் புகழ்பெற்ற ஹெர்ப் ஸ்மித், உள்ளூர்ப் பள்ளியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவர். 16 மில்லிமீட்டர் படக்கருவியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு தம் உறவினர் வீடுகளுக்கும் அண்டை ஊர்களுக்கும் அவ்விளைஞர்கள் சென்றனர்.

படச்சுருளே அவர்களுக்கு முதல் ஆசிரியர் எனலாம். 100 அடிச் சுருள் இரண்டே முக்கால் நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். விசையை அழுத்தினால் காசு கரையும். ஆகவே, எதைக் காட்டவேண்டும், எங்கே நின்று காட்டவேண்டும், எப்போது தொடங்கவேண்டும் என்பவற்றை அழுத்துமுன்னரே எண்ணியாக வேண்டும். கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும் மாணவனின் நிலை அது. படமும் ஒலியும் வெவ்வேறு கருவிகளில் பதிவாவதால், இருவர் ஒருவரையொருவர் கூர்ந்து கவனித்துப் பணிபுரியவேண்டும். பதிவு முடிந்தபின், சுருளை வெட்டி ஒட்டும் மேசையில் மற்றொரு பாடம் தொடங்கும். பிடித்தவற்றுள் பெரும்பகுதியை நீக்கினால்தான் படம் உருப்பெறும். அரும்பாடுபட்டு எடுத்த காட்சியையும் பொருந்தாவிடில் தூக்கி எறியும் மனத்திண்மையைத் தொகுப்பு மேசை போல் கற்பிக்கும் இடம் வேறில்லை.

அவர்கள் கண்ட ஊர்

இவ்விளைஞர் எடுத்த தொடக்ககாலப் படங்களின் பொருளை நோக்குமிடத்து அவர்களுடைய மனப்போக்கு விளங்கும். 1971இல் சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றிய படமும், பன்றி இறைச்சியை முறைப்படி அறுத்துப் பதப்படுத்தும் ஊர்க் கசாப்புக்காரரைப் பற்றிய படமும் வெளிவந்தன. 1973இல் ஹெர்ப் ஸ்மித், மலைநாட்டுப் பழைய பாப்டிஸ்ட் சபையினரின் வழிபாட்டைப் படமாக்கினார். மூலிகை மருத்துவர், பழங்கதை சொல்லும் முதியவர், கையால் நாற்காலி செய்யும் தச்சர், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் ஆகியோரும் அடுத்த சில ஆண்டுகளில் படமாயினர்.

வெளியூர்க் கருவிகள் கண்ட அதே வீடுகள்தாம் இவை, அதே திண்ணைகள்தாம். ஆனால், வெளியூரார் இல்லாமையைக் கண்ட இடத்தில் இவ்விளைஞர் கைத்திறனைக் கண்டனர். படத்தில் உள்ளவர் பேச, பார்வையாளர் கேட்டனர். வெளியிலிருந்து விளக்கம் கூறும் அறிவிப்பாளரின் குரல் இப்படங்கள் பலவற்றில் இல்லை. மலைமக்களின் ஆங்கிலம் நகரத்தாரின் ஏளனத்துக்கு உள்ளானது. பள்ளியிலும் திருத்தப்படவேண்டிய குறையாகவே அது கருதப்பட்டது. அம்மொழி திரையில் தலைநிமிர்ந்து ஒலித்தபோது, பேசியவருக்கும் கேட்டவருக்கும் அது புதிய அனுபவமாயிற்று. வட்டார வழக்கின் அருமையை அறிந்த மொழியாசிரியர்க்கு இதன் சிறப்பை விளக்க வேண்டுவதில்லை.

கற்றவர் எங்கே போவது?

இதற்கிடையே திட்டத்தின் உள்முரண் வெளிப்பட்டது. மாணவர் தொழிலைக் கற்றுக்கொண்டனர். ஆனால், மலைநாட்டில் திரைப்பட நிலையம் ஏது? தொலைக்காட்சி வேலைதான் எங்கே? கற்றதைக்கொண்டு பிழைக்கவேண்டுமாயின் நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலிசுக்கோ செல்லவேண்டும். அவர்களுடைய தந்தையரும் அண்ணன்மாரும் தொழிற்சாலை வேலை தேடி வடக்கே சென்ற அதே பாதையில், பிள்ளைகளும் கருவியோடு வெளியேறவேண்டும் என்பதே திட்டத்தின் பொருள் ஆயிற்று.

சிற்றூர்ப் பள்ளிகள் எங்கும் காணும் துன்பம் இது. மிகச் சிறந்த மாணவனை உருவாக்கும் ஆசிரியர், பெரும்பாலும் அவனை ஊரிலிருந்து அனுப்பிவைக்கும் பணியையே செய்துவிடுகிறார். கல்வி உயர உயர ஊர் வறியதாகிறது.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அரசின் பணம் நின்றபோது, பட்டறையை மூடிவிட்டுக் கலைந்து செல்வதே இயல்பாக இருந்திருக்கும். மற்ற ஊர்களில் தொடங்கிய பட்டறைகளுள் நெடுங்காலம் நிலைத்தவை மிகச் சில. வைட்ஸ்பர்க் இளைஞர்களோ பட்டறையைத் தாமே பொறுப்பேற்று, இலாப நோக்கற்ற நிறுவனமாக மாற்றினர். ஆப்பல்ஷாப் என்னும் பெயரில் அது வளர்ந்தது. வேலைக்கு ஆள் தயாரிக்கும் இடம், ஊரிலேயே வேலையை உருவாக்கும் இடமாயிற்று. நாட்டுப்பாடல் இசைத்தட்டு, நாடகக் குழு எனப் பிற துறைகளும் கிளைத்தன. 1985இல் வானொலி நிலையமும் தொடங்கியது.

இயற்கையா, மனிதர் செயலா?

ஊர்ப் பெருமையைப் பாடுவதோடு அவர்கள் நின்றிருந்தால், இவ்வரலாறு இனிய நினைவாக மட்டுமே இருந்திருக்கும். 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், அண்டை மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் என்னும் ஓடையின் தலைப்பில் நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்தது. கரிய நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து ஊர்களை வாரிச் சென்றது. 125 பேர் மாண்டனர். 4,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அது கடவுளின் செயல் எனச் சுரங்க நிறுவனத்தின் தரப்பு கூறியது.

ஆப்பல்ஷாப்பில் பணிபுரிந்த மிமி பிக்கரிங் என்னும் இளம்பெண், உயிர் தப்பியவரையும் அதிகாரிகளையும் சந்தித்து, அவர்களுடைய சொற்களை அருகருகே வைத்து 1975இல் ஒரு படம் உருவாக்கினார். அவ்வெள்ளம் மனிதர் செயலே என்பதைத் தலைப்பிலேயே அப்படம் உரைத்தது. காட்சியைக் காட்சியோடு ஒட்டிக் கருத்தை நிறுவும் கலை, பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று வழக்குரைக்கும் கருவியானது. 2005இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அப்படம் இடம்பெற்றது. படமெடுப்பதால் என்ன நன்மை என்று நவஹோ பெரியவர் கேட்ட வினாவுக்கு, பஃபலோ கிரீக் மக்கள் ஒரு விடை கூறியிருக்கக்கூடும்.

1984இல் ஹெர்ப் ஸ்மித், மலைநாட்டாரைப் பற்றி வெளியார் உருவாக்கிய கேலிச்சித்திரத்தின் வரலாற்றையே ஆராய்ந்து படமாக்கினார். பள்ளி மாணவனாகக் கருவியைத் தொட்டவர், பதினைந்து ஆண்டுகளில், தம் மக்களை அதுவரை படமெடுத்தவர்களை நோக்கியே கருவியைத் திருப்பினார்.

தீராத வினா

கருவி உள்ளூரார் கைக்கு வந்தவுடன் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்பதை அவர்களே உணர்ந்திருந்தனர். 1967ஆம் ஆண்டுக் கொலை அவர்கள் நினைவில் முள்ளாகவே இருந்தது. கெண்டக்கி மலைநாட்டிலேயே வளர்ந்து, ஆப்பல்ஷாப்பில் கலைஞராக உயர்ந்த எலிசபெத் பாரட், அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டார். கொல்லப்பட்டவரின் மகளையும் சுட்டவரின் ஊராரையும் அவர் சந்தித்தார். அயலார் தீயவர், ஊரார் நல்லவர் என எளிய தீர்ப்பு எதையும் அவர் வழங்கவில்லை. ஒகானர் அம்மக்களை இழிவுபடுத்த வந்தவர் அல்லர் என்பதையும், காட்டப்படுவோரின் புண்பட்ட மனம் பொய்யன்று என்பதையும் ஒருசேரக் காட்டினார்.

அத்தோடு, தம்மையும் அவர் விசாரித்துக்கொண்டார். தாமும் படமெடுப்பவரே, தம் மக்களுள் சிலரைத் தேர்ந்து, சிலவற்றைக் காட்டி, சிலவற்றை மறைப்பவரே. ஒரே ஊரில் பிறந்ததனால் மட்டும் அப்பொறுப்பு நீங்கிவிடாது. தான் காட்டும் மனிதருக்குத் தான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்னும் இவ்வினாவைக் கருவியோடு சேர்த்துக் கொடுக்காத பயிற்சி, கைப்பழக்கத்தை மட்டும் தந்து கல்வியைத் தராமற் போகும்.

அடுத்த தலைமுறை

1988இல் ஆப்பல்ஷாப் தன் தொடக்கத்தை நினைவுகூர்ந்தது போல, இளைஞர்க்கெனத் தனிப் பயிற்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. மலைநாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவரும் அவரினும் சற்று மூத்தோரும் கோடைக்காலத்தில் உதவித்தொகை பெற்று ஆவணப்படம் எடுக்கப் பயின்றனர். படச்சுருளின் இடத்தை ஒளிநாடாவும், பின்னர் எண்முறைக் கருவியும் பிடித்தன. எனினும், தம் ஊரின் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, அதனோடு தொடர்புடையவரைச் சந்தித்து, கேட்டதைத் தொகுத்து, ஊரார் முன்னிலையில் திரையிட்டு, அவர்களுடைய வினாக்களுக்கு விடைகூறும் முறை தொடர்ந்தது. ஊரார் முன் திரையிடுவதே தேர்வு; அத்தேர்வில் பொய்யுரைத்துத் தேற இயலாது.

2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கிழக்குக் கெண்டக்கியைப் பெருவெள்ளம் தாக்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வைட்ஸ்பர்க்கில் ஆப்பல்ஷாப் கட்டடத்துக்குள் நீர் புகுந்தது. அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த படச்சுருள்களும் ஒளிநாடாக்களும் புகைப்படங்களும் சேற்றில் மூழ்கின; சில அடித்துச் செல்லப்பட்டன. ஊராரும் தொண்டர்களும் அவற்றைச் சேற்றிலிருந்து எடுத்தனர். கழுவி உலர்த்திக் காக்கும் பணி தொடங்கியது. வெள்ளத்தின் மெய்க்கதையை உலகுக்கு உரைத்த நிறுவனம், தானே வெள்ளத்தில் சிக்கியது காலத்தின் கொடுமை. ஆனால், தம் வீடுகளே சிதைந்த நிலையிலும் மக்கள் பழைய படச்சுருள்களைத் தேடிக் காத்தனர் என்பது, அவை அவர்களுக்கு என்னவாக இருந்தன என்பதைப் புலப்படுத்துகிறது. துப்பாக்கியால் படக்கருவியை விரட்டிய மாவட்டம் அது.

இன்று படமெடுக்கப் பெரும் பணம் வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்றே படக்கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் தொகுப்பு மேசையுமாக அமைந்துவிட்டது. விசையை அழுத்தினால் காசு கரையும் என்னும் அச்சம் இல்லாமையால், அழுத்துமுன் எண்ணும் பழக்கமும் குறைந்துவிட்டது. 100 அடிச் சுருள் ஒருகாலத்தில் இயல்பாகக் கற்பித்த அடக்கத்தை இனி ஆசிரியரே கற்பிக்கவேண்டும்.

வைட்ஸ்பர்க்கின் வரலாறு ஆசிரியர்க்குக் காட்டும் வழி அரிதன்று. கருவியை இயக்கக் கற்றுத் தரலாம். மாணவன் காணவேண்டிய காட்சியை அவனுக்கு முன்னதாகவே முடிவுசெய்துவிடலாகாது. பாட்டியின் சமையலறையும் தந்தையின் பணிக்களமும் தெருவோரத்துக் கைவினைஞரும் படத்துக்குரிய பொருளே என்னும் துணிவை அவனுக்கு ஊட்டவேண்டும். எடுத்து முடித்ததை, யாரைப் பற்றி எடுத்தானோ அவர் முன்னிலையிலேயே திரையிடச் செய்யவேண்டும். அவர்கள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவனால் நிற்க முடியுமாயின், அவன் கற்றது கல்வி.